விசில் ஊதியவன் யார்?

டாக்டரம்மா, இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்! மணி ஒன்றரை. நாளை மருத்துவமனையின் தோல்நோய் விழிப்புணர்வு மேடையில் நான் பேச வேண்டியது; பிள்ளைக்குக் காய்ச்சல், இப்போதுதான் கண்ணயர்ந்தாள். ஆகவே கீழே உள்ள பேச்சை என் நாத்தனார் வாசிப்பார். எழுத்து என்னுடையது, தொண்டை அவருடையது!

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தோல் மருத்துவர் அம்மா அவர்களே! நுண்ணோக்கியில் கண் பதித்து எங்கள் குடும்பத்தைக் காத்த பரிசோதனைக்கூட அக்கா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! சொறிந்து சொறிந்து நகம் தேய்ந்த நண்பர்களே! அவர்களுக்குக் களிம்பு தடவித் தடவிக் கை ஓய்ந்த தாய்மார்களே! வணக்கம்.

என் கணவர் கிடங்குக் காவலாளி. இரண்டு ஆண்டுகளாக இடுப்பிலும் தொடையிலும் செந்திட்டுகள். அரிப்பா அது? கதவு நிலையில் முதுகைத் தேய்த்தே நிலையின் வண்ணம் உரிந்துவிட்டது! எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஈசினோஃபில் என்னும் வெள்ளணு எகிறி நின்றது. "வயித்துல பூச்சி" என்றார் ஒருவர், மாத்திரை விழுங்கினோம். "அலர்ஜி" என்றார் இன்னொருவர். முட்டையை விட்டோம், சோப்பை விட்டோம், வளர்த்த பூனையையும் விட்டோம். விட்டது பூனை, விடாதது அரிப்பு!

சிரியுங்கள், சிரியுங்கள். பூனை பக்கத்து வீட்டில் கொழுத்துக் கிடக்கிறது.

அப்புறம்தான் இந்த அம்மாவிடம் வந்தோம். "தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்போம், அதுவரை களிம்பு போடாதீர்கள்" என்றார். பட்டம் வாங்கிய நான் என்ன செய்தேன்? துண்டு எடுப்பதற்கு முந்தின நாள்வரை மூன்று டியூப் களிம்பைத் தீர்த்தேன்!

"வேணாம்மா, போடக் கூடாதுன்னாங்கல்ல?" என்றார் இவர்.

"சும்மா இருங்க. வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டிப் பெருக்க மாட்டோமா?"

பெருக்கினேன் அவையோரே, பெருக்கினேன்! குப்பையோடு கள்வனின் காலடித் தடத்தையும் பெருக்கித் தள்ளினேன். முடிவு வந்தது: சாதாரணத் தோல் அழற்சி. இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம்!

நம்பாதவர் ஒருவரே ஒருவர். பரிசோதனைக்கூட அக்கா என்னைத் தனியே அழைத்தார். "உண்மையச் சொல்லும்மா, களிம்பு தடவினியா?" தலை தானாகக் குனிந்தது. ஒரு மாதம் களிம்பை நிறுத்தி மறுபடி எடுத்தார்கள். இந்த முறை சிக்கியது: தோலில் குடியேறிய லிம்ஃபோமா. உடலைக் காக்க வேண்டிய டி அணுக்களில் சில நெறிகெட்டுப் பெருகும் புற்றுநோய்.

அக்கா இவரிடம் கேட்டார்: "அண்ணே, உங்க காவலாளிகள்லயே ஒருத்தன் கெட்டுப்போயி சும்மா விசில் ஊதிக்கிட்டே இருந்தா?"

"மத்தவங்க எல்லாரும் ஓடி வருவாங்க."

"ஓடி வந்தவங்கதான் ஈசினோஃபில். ஊதினவன் அந்தக் கெட்ட டி அணு."

"அடப்பாவமே! ரெண்டு வருஷமா ஓடி வந்தவனையா புடிச்சு அடிச்சோம்?"

(வாசிக்கும் அண்ணி, இங்கே குரலை உயர்த்துங்கள்!)

அரிப்பெல்லாம் புற்றுநோயா? இல்லை! எகிறிய எண்ணிக்கையெல்லாம் இதுவா? இல்லவே இல்லை! ஆனால் ஆறாத திட்டும் அடங்காத எண்ணிக்கையும் ஆண்டுக்கணக்கில் கைகோத்து நின்றால், வந்தவரை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போமா? அழைத்தவன் யாரென்று கேட்க வேண்டாமா? கேளுங்கள்! கூசாமல் கேளுங்கள்! செய்த தவற்றை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்! நான் மறைத்த ஒரு தவறு அவர் உயிரைக் குடித்திருக்கும். அக்காவின் ஒரு கேள்வி அதைத் திருப்பித் தந்தது!

நான்கு மாத ஒளிச் சிகிச்சை. திட்டுகள் மங்கிவிட்டன! போன வாரம் ஈசினோஃபில் எண்ணிக்கை இயல்புக்கு இறங்கிவிட்டது! கதவு நிலைக்குப் புது வண்ணம் பூசினோம். பதினெட்டு நாளாக ஒரு கீறல்கூட இல்லை!

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, என் பிள்ளையின் வணக்கமும் சேர்த்து.

டாக்டரம்மா, இது மேடைக்கு அல்ல, உங்களுக்கு மட்டும்: ஓடி வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். ஊதியவன் ரத்தத்தில் இன்னும் இருக்கிறானா என்று பார்க்கச் செவ்வாய்க்கிழமை மாதிரி கொடுத்தோம். இவர் கேட்கப் பயப்படுகிறார், நான் கேட்கிறேன். முடிவு எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.