ஆறாம் திருவிழாக் கடிதம்

“ஆறாம் திருவிழாவை விசாக்காரருக்கு எப்பிடியடி விளங்கப்படுத்துவாய்?”

திருநெல்வேலிச் சந்தியில் ஏறிய இரண்டு பெண்கள் பலாலி வீதி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவள் லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். படிப்பு முடிந்ததும் திரும்பி வருவாள் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். பண்டத்தரிப்பில் தங்கள் கோயிலில் வாங்கிய கடிதம் அவள் மடியில் கிடந்தது.

“காணி உறுதியைக் காட்டலாமே?”

“காணியெல்லாம் வெளிநாட்டிலை இருக்கிறவையின்ரை பேரிலை. கொடியேறி ஆறாம் நாள் திருவிழாதான் எங்கடை குடும்பத்தின்ரை உபயம். எங்கை இருந்தாலும் எங்கடை ஆக்கள் வந்து செய்யவேணும் எண்டு கோயில் தலைவர் எழுதித் தந்தவர்.”

“போன வருசம் ஆர் செய்தது?”

“பெரியப்பா. கனடாவிலை இருந்து வந்தவர்.”

“அதுக்கு முதல் வருசம்?”

“மாமா. அவர் பிரான்ஸ். ஒருத்தரும் விட்டதில்லையடி, மாறி மாறி வருவினம்.”

“வந்து?”

“திருவிழா முடிஞ்சதும் போவினம்.”

சிநேகிதி சிரிக்கவில்லை.

“அப்ப உந்தக் கடிதம் நீ வருவாய் எண்டு காட்டுதோ, போவாய் எண்டு காட்டுதோ?”

யன்னலோரத்தவள் கடிதத்தை விரித்து முதலிலிருந்து வாசித்தாள். கோயில் முத்திரையை விரலால் தடவினாள். நான் கோண்டாவிலில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

“திரும்பி வருவியோ எண்டுதானே கேட்டவை,” என்றாள் அவள். கடிதத்தை மடித்த பிறகு சிநேகிதியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

“இருப்பியோ எண்டும் கேட்டவையோ?”