டப்பா மூடும் நேரத்து ஜெபம்

"முட்டி போட்டா தூங்கிடறேன் எஸ்தர். அதான் காலைல டப்பா கட்றப்பவே ஜெபத்தையும் முடிச்சிடறேன்."

சிவாஜிநகர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜீவனஹள்ளியில் ஏறியவர்கள், கழுத்தில் கார்மெண்ட்ஸ் அட்டை. பேசியவள் மூத்தவள். டிசம்பர் பனியில் ஜன்னலுக்கு வெளியே ஊரே இல்லாதது போலிருந்தது.

"அது எப்படிக்கா?"

"யாரு டப்பாவை மூடறேனோ அவங்களுக்கு ஜெபம். வீட்டுக்காரர், பசங்க... ஆண்டவரே பார்த்துக்கங்கன்னு சொல்லி மூடிடுவேன்."

"உங்க ஓரகத்திக்கும் நீங்கதானே கட்றீங்க? பேச்சே இல்லேன்னீங்க?"

"ஈஸ்டர்லேர்ந்து இல்ல. ஆனா ஒரே அடுப்பாச்சே, கட்டித்தானே ஆகணும்? இத்தனை நாளும் வாய் அது பாட்டுக்குச் சொல்லிடும். இன்னிக்கு அவ டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன், ஒரு வார்த்தை வரல."

"அப்புறம்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஜெபம் பண்ணாம மூடவும் மனசு வரல. சோத்துக்கு அடியில ஒரு முட்டையைப் புதைச்சு வெச்சு மூடிட்டேன்."

"முந்தே ஹோகி" என்று கண்டக்டர் நின்றவர்களை முன்னால் தள்ளிக்கொண்டு போனார். மூத்தவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"இன்னிக்கு எல்லாருக்கும் முட்டையாக்கா?" என்றாள் எஸ்தர் மெல்ல.

"இல்ல. ஒண்ணுதான் இருந்துச்சு," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "எனக்குன்னு எடுத்து வெச்சது."