மோட்டார் கொட்டகையின் பின்கதவு

— பச்சமுத்து எங்கன்னு மேஸ்திரி உப்பளம் பூரா தேடிக்கினு இருக்காரு. நீ என்னாய்யா, பட்டப்பகல்ல மோட்டார் கொட்டகையில பாய் விரிச்சிக்கினு. எழுந்திரு.

— மெதுவாப் பேசு சுலோசனா. இப்பதான் கண்ணு சொருகுது. நாளைக்கு ஜேசிபி வந்து இத இடிச்சிடும். இன்னிக்கி உள்ள போனேன்னா திரும்பி வரமாட்டேன், அவ்ளோதான்.

— உள்ளதானய்யா படுத்துக் கெடக்குற.

— இதுக்கும் உள்ள. தூங்குனா பின்சுவத்துல ஒரு கதவு தொறக்குது. அந்தாண்ட நம்ம ஜெயப்ரியா இருக்குறா.

— நம்ம பொண்ணு போயி ரெண்டு வருசம் ஆவுது. உப்பு அம்பாரத்து மேல தார்ப்பாய் போடப் போனவள இடி அடிச்சிது. நீதான் அனுப்புன. நான்தான் அவ தலைய மடியில வெச்சிக்கினு கெடந்தேன். இப்போ கனா காணுற.

— கனாவுலேருந்து இதக் கொண்டார முடியுமா? பாரு.

— இந்த ரிப்பன்... நுனி பிரியாம இருக்கத் தீக்குச்சியில நான் கருக்குனது. அவகூட மண்ணுக்குள்ள போச்சேய்யா இது.

— நேத்து அவுத்துக் குடுத்தா. நர்சிங் சேந்துட்டா. தெனம் பாண்டிக்கு பஸ்ஸுல போயி வர்றா.

— இத்தினி நாளா என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீயும் வர்றேம்ப. ஒரு ஆளுதான் நொழைய முடியும், அவ்ளோதான்.

— அங்க சோறு யாரு ஆக்குறது?

— அவதான்.

— அவளுக்கு ஒல வெக்கவே வராதே. தல பின்னி வுடறது?

— அவளே பின்னிக்கிறா.

— அப்போ நான் எங்கய்யா போனேன்?

— அது வாணாம் சுலோசனா.

— சொல்லு.

— அங்கயும் இடி அடிச்ச அந்த சனிக்கெழம வந்துச்சி. வானம் கருத்துடுச்சி, உப்பு தொறந்து கெடக்குது. இவ தார்ப்பாயத் தூக்கிக்கினு கெளம்புறா. என்னா நடக்கும்னு எனக்குத் தெரியுமே. ஓடிப்போயி கையப் புடிச்சிக்கினேன்.

— அப்புறம்?

— யாராச்சும் போயி மூடணும்ல. உன்ன அனுப்புனேன்.

— தெரிஞ்சே.

— தெரிஞ்சேதான்.

— நீ போயிருக்கலாமே.

— அது... எனக்குத் தோணவே இல்ல.

— அம்மா எங்கன்னு கேக்குறாளா?

— போறப்பல்லாம் கேக்குறா. நான் வேற பேச்சு பேசிடுவேன்.

— எழுந்திரிய்யா. நான் படுக்கணும்.

— அங்க உன்னப் பொதைச்சாச்சி சுலோசனா.

— இங்க அவளப் பொதைச்சோம். அந்தாண்ட அவ உன்கிட்ட பேசலயா? நவுரு. தார்ப்பாய் போடப் போனது உங்கப்பாதான்னு அவகிட்ட சொல்லிக்கிறேன்.