மிஷினுக்குள் தங்கிய நகல்

அன்று ஆபீசில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மகன் ஸ்ரீபால், பேத்தி மஹிமா, மேனேஜர் பலராமன், ஜெராக்ஸ் மிஷின் சர்வீசுக்கு வந்த அலன். காபி நன்றாக இருந்தது. ஆரணியில் மூன்று தலைமுறையாகப் பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் வீடு எங்களுடையது. வந்தவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்புவதில்லை. அலனுக்கும் கொடுத்தோம்.

வெளிநாட்டு மிஷின்கள் நாம் எடுக்கும் நகல்களை ரகசியமாகத் தங்கள் நாட்டுக்கு அனுப்புவதாகப் பேப்பரில் படித்திருந்தேன். அலனிடம் கேட்டேன்.

“அனுப்பறது இருக்கட்டும் ஐயா. நீங்க எடுக்கற காப்பி எல்லாம் உள்ள டிஸ்க்ல தங்கிக்கினுதான் இருக்கும். அப்பப்போ அழிச்சிடுங்க, இல்லன்னா பேஜார்.”

“என் மாமியார் மாதிரின்னு சொல்லு,” என்றார் பலராமன். “ஒண்ணையும் மறக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். மஹிமா சிரிக்கவில்லை.

பழைய நகல்களின் பட்டியலை எப்படித் திறப்பது என்று அலனே எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பொறுமையான பையன். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் திறந்து பார்த்தேன். சேலைக் கரை டிசைன்களுக்கு நடுவே ஒரு திருமணப் பதிவு விண்ணப்பம் இருந்தது. மணமகள் மஹிமா. மணமகன் அலன்.

நான் கோபப்படவில்லை. நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. எறும்பு ஊர்ந்தால் சுற்றிக்கொண்டு போவோம். ஒருவன்மேல் கை வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. விண்ணப்பத்தை அழித்தேன். ஞாயிறன்று ஆபீசைத் திறந்து, தீபாவளிக்கென்று பூட்டி வைத்திருந்த பன்னிரண்டு டிசைன்களையும் நகல் எடுத்தேன். திங்களன்று மறுபடி சர்வீசுக்கு வந்த அலன் கை கழுவப் போனபோது அவன் பைக்குள் வைத்தேன். பிறகு ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் ஒரு மனு கொடுத்தேன். எங்கள் நெசவு ரகசியங்களை இவன் வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சந்தேகிக்கிறேன் என்று. சந்தேகிக்கிறேன் என்றுதான் எழுதினேன். பொய் சொல்வது எங்கள் குடும்ப வழக்கமில்லை.

அவன் பையை நீங்கள் எடுத்துப் போனீர்கள். மிஷின் கனமாக இருந்ததால் விட்டுவிட்டீர்கள். நாற்பது நாளாக அவன் சிறையில் இருக்கிறான். அவன் அம்மா அமலி சேத்துப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில் அழுதார். காபி கொடுக்கச் சொன்னேன்.

மஹிமாவுக்கு வந்தவாசியில் வரன் முடிவாகும் நேரம். நேற்று ஒரு தாளோடு வந்து நின்றாள்.

“தாத்தா, இது மிஷின்ல இருந்து எடுத்தது. பன்னண்டு டிசைனும் ஞாயித்துக்கிழமை பதினொன்னேகாலுக்கு காப்பி ஆயிருக்குது. அலன் அப்ப சேத்துப்பட்டு சர்ச்சுல பாடிகினு இருந்தான், ஊரே பாத்திருக்குது. ஆபீஸ் சாவி யார்கிட்டங்க இருந்துது?”

நகலோடு நேரத்தையும் மிஷின் வைத்துக்கொள்ளும் என்று அலன் எனக்குச் சொல்லவில்லை. அது அவன் தவறு.

சாவி என்னிடம் இருந்தது. செய்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அவனை விட்டுவிடலாம். மஹிமாவின் பெயர் மட்டும் இதில் வர வேண்டாம். இத்தனையும் அதற்காகத்தான் செய்தேன்.

இன்னொன்று. எங்கள் மிஷின் டிசைன்களை வெளிநாட்டுக்கு அனுப்பியதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அதற்கு நெட் கனெக்‌ஷனே கிடையாது. பாதுகாப்பு கருதி, வாங்கிய அன்றே வேண்டாம் என்று சொன்னவன் நான்.