இரண்டு நேர், இரண்டு புரட்டு

பின்னல் ஊசி பிடிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. இருபது வரை எண்ணத் தெரிந்தால் போதும். நூலைப் பின்னால் வைத்துப் போட்டால் நேர்க்கண்ணி, முன்னால் கொண்டுவந்து போட்டால் புரட்டுக்கண்ணி. எந்த ஸ்வெட்டரிலும் இந்த இரண்டுதான் இருக்கின்றன. எல்லா வரிசையும் நேராகப் போட்டால் மேடும் பள்ளமுமாக வரும். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை புரட்டு என்று மாற்றினால் கடைத்துணி போல வழவழப்பாக வரும். ஒரே வரிசைக்குள் இரண்டு நேர், இரண்டு புரட்டு என்று போட்டால் இழுபடும் பட்டி கிடைக்கும். நீங்கள்கூட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், இன்ஸ்பெக்டர். இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வோம்.

சிங்காநல்லூரில் என் வீட்டு ஹாலில் பதினோரு வருடம் வகுப்பு நடத்தினேன். வந்தவர்களில் பாதிப் பேர் பொழுது போகாமல் வந்தவர்கள். கண்ணிகளை எண்ணச் சொன்னால் சம்பந்தி வீட்டுக் குறைகளை எண்ணுவார்கள். அவர்களிலும் கடைசி வள்ளியாத்தாள். சூலூரில் விசைத்தறி வைத்திருக்கும் ராசப்பனின் மனைவி, ஐம்பது வயது. போன வருடம் ஆடியில் வந்து சேர்ந்தார்.

"நேர்க்கண்ணியும் பொறட்டுக்கண்ணியும் எனக்கு ஒரே மாதிரித்தானுங்க தெரியுது, டீச்சருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். தன் முட்டாள்தனத்துக்குத் தானே சிரிக்கிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அப்புறம் மற்றவர்கள் சிரிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

என் மகள் ஷ்ரவ்யா, வால்பாறையில் எஸ்டேட் அதிகாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். இந்த வருடம், தொண்ணூற்றாறு தை மாதம், பிரசவத்துக்கு என்னிடம் வந்தாள். பையன். சாய்கிருஷ்ணா என்று பெயர் வைத்தார்கள். மலைக்குளிருக்காக நான் சட்டை, குல்லாய், காலுறை என்று முழு செட் பின்னி வைத்திருந்தேன். ஒரு கண்ணி பிசகில்லை.

வள்ளியாத்தாள் வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போக மாட்டார். ஷ்ரவ்யாவின் அறைக்குள் போய்க் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். சிரிப்பு மட்டும் சமையலறை வரை கேட்கும். என் மகளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு நாள் குழந்தையின் தலையில் கடுகு நிறத்தில் ஒரு குல்லாய் இருந்தது. ஒன்பது இடத்தில் கண்ணி நழுவியிருந்தது.

"நான் பின்னினது எங்கே?" என்று கேட்டேன்.

"அது தலையை இறுக்குதும்மா, அவன் அழறான். வள்ளிம்மா பின்னினது இழுத்தா இழுபடுது."

அது தப்புகளால் இழுபடுகிறது என்று விளக்கினேன். ஷ்ரவ்யா காதில் வாங்கவில்லை. 'வள்ளிம்மா' என்று அவள் சொன்னதைக் கவனித்தேன், அவ்வளவுதான். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைப்பட அந்த அம்மாளிடம் என்ன இருந்தது?

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஷ்ரவ்யா குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனாள். அப்படியே தோழி வீட்டுக்கும் போய்விட்டு மாலையில்தான் திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். அன்று வகுப்பு கிடையாது. பட்டியை மறுபடி சொல்லித் தருகிறேன் என்று வள்ளியாத்தாளை மட்டும் வரச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு மூச்சிரைக்க வந்தார்.

"இன்சுலின் ஊசியப் போட்டுப்போட்டு இட்லிய எடுத்து வெச்சனுங்க. அதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு. திங்காமயே ஓடியாந்துட்டனுங்க."

இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். காலமான என் கணவர் கோவிந்தராஜுலுவுக்குப் பன்னிரண்டு வருடம் இன்சுலின் போட்டவள் நான். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று எனக்கு மனப்பாடம். முதலில் வியர்க்கும். அப்புறம் கை நடுங்கும். பிறகு நாக்குக் குழறும். அந்த நேரத்தில் ஒரு பிடி சர்க்கரை வாயில் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் தெளிய மாட்டார்கள்.

பத்தரைக்கு அந்த அம்மாளின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணிகள் நழுவத் தொடங்கின.

"டீச்சருங்க, கை என்னமோ நடுங்குதுங்க. சக்கர போட்டுக் கொஞ்சம் காப்பி குடுக்கறீங்களா?"

"இந்த வரிசைய முடிங்க, தர்றேன்."

முப்பத்தாறு கண்ணிகள் கொண்ட வரிசை. அவர் இரண்டு நேர், மூன்று புரட்டு என்று போட்டார். பிரிக்கச் சொன்னேன், பிரித்தார். மறுபடி தப்பாகப் போட்டார், மறுபடி பிரிக்கச் சொன்னேன். நடுவில் தன் மஞ்சள் பைக்குக் கையை நீட்டினார். அதில் கடலை மிட்டாய் வைத்திருப்பார். வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லிப் பையை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மறுபடி பின்னத் தொடங்கினார். டீச்சர் செய்தால் காரணம் இருக்கும் என்று நம்புகிற ரகம்.

பிறகு காப்பி கொண்டுவந்தேன். சொன்ன சொல் தவறுவது என் பழக்கமில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இனிப்பே இல்லீங்களே, அம்மணி." நாக்கு அப்போதே குழறியது.

"உங்களுக்குத்தான் சக்கர ஆகாதே" என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். அதைக்கூட யோசிக்கத் தெரியவில்லை.

பதினொன்றரைக்குப் பின்னல் ஊசி கையிலிருந்து விழுந்தது. சற்று நேரத்தில் அவரும் நாற்காலியிலிருந்து சரிந்தார். கையும் காலும் இரண்டு தடவை வெட்டி இழுத்தன. நான் எதிரில் உட்கார்ந்து ஒரு சட்டையின் கைப்பகுதியைப் பின்னி முடித்தேன். இரண்டு மணிக்கு எழுந்து, பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணனைக் கூப்பிட்டு, அந்த அம்மாள் இப்போதுதான் மயங்கி விழுந்தார் என்று சொன்னேன். அவர் பதறிப்போய்க் கார் கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறக்கவேயில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். ஷ்ரவ்யா அந்தத் தலைமாட்டைவிட்டு நகரவில்லை. தன் அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

சாப்பிடாமல் ஊசி போட்டுக்கொண்டது அந்த அம்மாளின் தவறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருமாதி முடிந்து ராசப்பன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நன்றி சொல்ல வந்தார்.

"கடைசியா உங்க கையில காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுத்தானுங்க போயிருக்கறா. புண்ணியவதிங்க."

"அதுல சக்கர போடலைங்க" என்றேன்.

"அதுதானுங்க சரி. சக்கரக்காரிக்கு யாருதான் போடுவாங்க" என்று என்னைக் கும்பிட்டார்.

இப்படிப்பட்டவர்கள் நடுவில் ஒருத்தி என்ன செய்வாள், சொல்லுங்கள். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் புரிந்துகொள்ள ஆளில்லை. ஒரு பிசகும் இல்லாத காரியம், அதை அவர்கள் ஒரு முட்டாளின் மறதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைச் சகிக்க முடியாமல்தான் நானாக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. வள்ளியாத்தாளை நான்தான் கொன்றேன். தெரிந்து, நிதானமாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஷ்ரவ்யாவுக்குத் தந்தி கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. சாவு நடந்த மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வால்பாறைக்குப் போனவள், என் கடிதம் எதற்கும் பதில் போடவில்லை. துக்கம்தான், வேறொன்றுமில்லை. சேதி தெரிந்தால் உடனே இறங்கி வருவாள். பெற்ற தாயை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்த அம்மாள்தான் இப்போது இல்லையே.