துரையைச் சிரிக்க வைக்க

திருமுல்லைவாயிலில் ரயிலேறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் தலைப்பாகை கட்டிய ஆபீஸ் குமாஸ்தா, மற்றவர் அவருடைய மச்சான்.

"இன்னிக்கு துரைக்கு வழியனுப்பு விழா. என் பேச்சுல அவரு சிரிச்சா நான் ஹெட்கிளார்க்கு. அதுக்கோசரம் செத்துப்போன வெள்ளைக்காரன் ஒருத்தனோட ஜோக்கைப் புடிச்சு வெச்சுக்கீறேன்," என்றார் குமாஸ்தா.

"யாரு அவன்?"

"பெரிய எழுத்தாளன். நாடகம், நாவல், கொயந்தைங்களுக்குக் கதை, எல்லாம் எழுதிக்கீறான். அவங்க ஊரு பெரிய மனுசங்களைக் கிண்டல் பண்ணியே பேர் வாங்கினான். கடைசியா ஜெயில்லேர்ந்து ஒரு கடுதாசி."

"ஜெயிலா? யாரு போட்டது?"

"நம்ம துரையோட ஊருக்காரங்கதான். அப்பவும் அவன் நாடகம் நடந்துகினுதான் இருந்துச்சு. நோட்டீஸ்ல அவன் பேரு மேல மட்டும் காயிதம் ஒட்டிட்டாங்க."

"அந்தப் பேரையா துரை எதிர்ல சொல்லப்போற?"

குமாஸ்தா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அம்பத்தூர் வந்ததும் அதை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லலை மச்சான். நானே யோசிச்ச மாரி சொல்லிடறேன்."

"சொல்லு, சொல்லு. அவன் பேரை மறைச்சிட்டுச் சிரிக்கறது அவங்களுக்கு ஒண்ணும் புதுசில்லியே."