மீன் தலை யாருக்கு?

பிள்ளைகளே, யுத்த காலத்தில் ஒருநாள் தூத்துக்குடியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள். ஒருவர் முதியோர் விடுதியில் இருப்பவர். மற்றவர் அங்கே சேரலாமா என்று யோசிப்பவர்.

“அங்கன ராஜ வாழ்க்கை, அண்ணாச்சி. மீன் தலை மட்டும் பூனைக்குப் போவுது” என்றார் விடுதிக்காரர்.

“பூனைக்கா?”

“வீட்டுக்குப் பெரியவருக்குத்தானே தலை? அங்கன எல்லாரும் பெரியவரு. சண்டை வருதுன்னு சமையக்காரன் பூனைக்குப் போட்டுருதான்.”

“அப்ப பூனைதான் உங்க பெரியவரோ?”

“ஆமா. அது வந்தா எந்திச்சு வழி விடுதோம்.”

“எங்க வீட்டுல தலை மவனுக்கு. கேட்டா, ‘முள்ளு குத்தும்ப்பா’ன்னு கரிசனம் வேற. பூனைகிட்டத் தோத்தா மானம் போவாது. எனக்கும் ஒரு கட்டில் சொல்லி வையும்.”

அன்று மதியம் அடுப்பங்கரையில் யாரும் இல்லாதபோது, குழம்புச் சட்டியில் வழக்கம்போல எனக்கென்று இருந்த மீன் தலையை எடுத்து என் அப்பாவின், அதாவது உங்கள் தாத்தாவின், தட்டில் வைத்தேன்.